மெட்ராஸ் கவர்னர் பதவியின் வரலாற்றை நீங்களே தேடி எழுதுவது எப்படி

சென்னை கவர்னர்கள் பட்டியல் வேண்டுமென்றால் இரண்டு நிமிட வேலைதான். இணையத்தில் தட்டினால் 1640களில் ஆண்ட்ரூ கோகன் தொடங்கி இன்றுவரை வரிசையாக வந்து விழும். அதை வைத்துக்கொண்டு அந்தப் பதவியின் வரலாற்றை எழுத உட்காரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இவர் போனார், அவர் வந்தார், இந்தச் சாலைக்கு இவர் பெயர் என்பதற்கு மேல் ஒரு வரி நகராது. கல்லூரி ஆய்வேடு, பள்ளி ஆண்டு மலர், விக்கிப்பீடியா கட்டுரை, எதற்காக எழுதினாலும் சரி, எங்கே தொடங்குவது, எதை எங்கே தேடுவது, எந்த இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பம்பாய், வங்காளம் என்று வேறு மாகாணத்தை எடுத்தாலும் வழி பெரும்பாலும் இதேதான்.

முதலில் ஒரு கேள்வியை நோட்டின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் கவர்னர் ஒன்றைச் செய்யச் சொன்னால், "முடியாது" என்று சொல்லக்கூடிய ஆள் யார்? ஒவ்வொரு காலத்துக்கும் இதற்குப் பதில் மாறும். அந்த மாற்றம்தான் உங்கள் கட்டுரை. அதன் கூடவே இன்னும் மூன்றைக் குறித்துக்கொண்டு போனால் போதும்: யார் நியமித்தார், சம்பளம் எவ்வளவு, எந்த வீட்டில் உட்கார்ந்து ஆண்டார். குணம், தோற்றம், குதிரைச் சவாரி எல்லாம் அப்புறம்.

யார் முதல் கவர்னர் என்ற சண்டைக்குள் போகாதீர்கள்

எல்லோரும் முதலில் மாட்டுவது இங்கேதான். கோட்டை கட்டத் தொடங்கியபோது இங்கே இருந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜென்ட், அதுவும் ஜாவாத் தீவில் இருந்த பாண்டம் அலுவலகத்துக்குக் கீழே. 1652இல் ஆரோன் பேக்கர் பிரசிடென்ட் ஆகிறார், சில ஆண்டில் பதவி மறுபடி ஏஜென்டாகக் குறைகிறது. கவர்னர் என்ற பட்டத்தோடு முதலில் வருபவர் ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட். 1684இல் மெட்ராஸ் மறுபடி பிரசிடென்சி ஆகிறது. ஆக, முதல் ஏஜென்ட், முதல் பிரசிடென்ட், முதல் கவர்னர் என்று மூன்று ஆட்கள். நீங்கள் எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஃபாக்ஸ்கிராஃப்டை மட்டும் தாண்டிவிடக் கூடாது. எட்வர்ட் விண்டரை மாற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார 1665இல் வந்தவர் அவர். விண்டரைக் கவுன்சிலிலேயே, அதாவது கூட உட்கார்ந்து முடிவெடுக்கும் குழுவிலேயே, இரண்டாவது ஆளாக வைத்துக்கொண்டார்கள், அது எப்படி முடியும் என்று சொல்லவே வேண்டாம். அந்த ஆண்டு செப்டம்பரில் விண்டர் ஆட்களோடு வந்து ஃபாக்ஸ்கிராஃப்டைப் பிடித்துக் கோட்டைக்குள்ளேயே அடைத்துவிட்டார், 1668 வரை விடவில்லை. இதற்கு நடுவே அசென்ஷியா டாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மேல் ஒரு அடிமைச் சிறுமியைக் கொன்றதாக வழக்கு. ஏஜென்டுக்குக் கொலை வழக்கை விசாரிக்க அதிகாரம் இல்லை; 1661 சாசனப்படி அது கவர்னருக்கும் கவுன்சிலுக்கும்தான் உண்டு. அதனால் லண்டனில் இருந்து கம்பெனி கவர்னர் பட்டம் கொடுத்து அனுப்பியது. பட்டம் வந்து சேர்ந்தபோது பட்டத்துக்கு உரியவர் காவலில் இருக்கிறார், விசாரணையை விண்டர் நடத்துகிறார், அந்தப் பெண் விடுதலை ஆகிறார். கவர்னர் என்ற சொல் ஒரு சட்டத் தேவைக்காக இந்த ஊருக்கு வந்து இறங்கியது என்பதையும், நியமித்தவர்கள் கப்பலில் பல மாதத் தொலைவில் இருந்தால் பதவிக்கு என்ன மதிப்பு என்பதையும் இந்த ஒரு சம்பவத்தை வைத்தே எழுதிவிடலாம்.

காகிதம் எங்கே இருக்கிறது

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சிவப்புக் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1670களில் இருந்து கோட்டையின் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. ஆய்வாளராக உள்ளே போக முறைப்படி விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், ஆகவே கல்லூரியில் இருப்பவர்கள் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஆனால் அங்கே ஓடுவதற்கு முன்னால் வீட்டிலேயே முடிக்கக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. கோட்டையின் நாட்குறிப்பும் கவுன்சில் நடவடிக்கைகளும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அரசு அச்சகத்திலேயே தொகுதி தொகுதியாக அச்சாகிவிட்டன, அவற்றில் பலவும் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹென்றி டேவிசன் லவ் 1913இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழைய மெட்ராஸ் வரலாறும் அப்படியே. லவ்வை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தைப் பார்க்காமல் அவரையே மேற்கோள் காட்டி முடித்துவிடாதீர்கள். அவர் எழுதியது ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணில் பட்ட ஊர்.

கவுன்சில் நடவடிக்கைகளைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. தேதிக்குக் கீழே அன்று வந்திருந்தவர்களின் பெயர்கள் பதவி வரிசைப்படி இருக்கும். பலரும் அதைத் தாண்டிவிட்டு விஷயத்துக்குப் போவார்கள். நீங்கள் அதில்தான் நிற்க வேண்டும். நேற்றுவரை மூன்றாவதாக இருந்த பெயர் இன்று ஏன் இல்லை, யார் ஏறினார், யார் காய்ச்சல் என்று வராமல் இருந்தார், மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தது யார், கடைசியில் கையெழுத்துப் போட மறுத்தது யார். கவர்னருக்கு "முடியாது" சொன்னவர்கள் அந்த இரண்டு இடத்தில்தான் சிக்குவார்கள். 1746ஐ ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் கைக்குக் கோட்டை போன சமயத்தில், காகிதத்தில் இடைவெளி வரும். அப்போது லண்டனைப் பார்க்க வேண்டும். இங்கே எழுதியதன் பிரதி அங்கே போய்க்கொண்டே இருந்தது, இப்போது அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1832இல் இருந்து கோட்டை அரசிதழ் உண்டு, நியமனமும் பொறுப்பேற்ற நாளும் அதில் கிடைக்கும். 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் வந்த பிறகு, கவர்னரைப் பற்றி வெளியே என்ன பேசினார்கள் என்பது தமிழிலேயே கிடைக்கத் தொடங்குகிறது. அதற்கு முன்னால், கம்பெனிக்காரர்களைத் தமிழ்க் கண்ணால் பார்க்க ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிட நல்ல இடம் கிடையாது. அவர் புதுச்சேரியில் எதிர்முகாமில் இருந்தவர் என்பது இன்னும் வசதி. தமிழிணைய மின்னூலகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில் கவனம்

1752 வரை ஆங்கிலேயர்கள் பழைய நாட்காட்டியில் எழுதினார்கள், அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஜனவரியில் இருந்து மார்ச் 24 வரை வரும் தேதிகளில் ஆண்டு ஒன்று குறைவாக இருக்கும். பிரான்சிஸ் டேயும் கோகனும் வந்து இறங்கிய பிப்ரவரி 20ஐச் சில இடங்களில் 1639 என்றும் சில இடங்களில் 1640 என்றும் பார்ப்பது இதனால்தான். பிரெஞ்சுக்காரர்கள் அப்போதே புது நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள், இருவருக்கும் 11 நாள் வித்தியாசம். லா பூர்தொனேயிடம் மெட்ராஸ் சரணடைந்தது ஆங்கிலக் காகிதத்தில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் காகிதத்தில் செப்டம்பர் 21. இரண்டும் சரி. ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தி வைக்காதீர்கள், எந்த நாட்காட்டி என்று பக்கத்தில் எழுதினால் முடிந்தது.

பெயர்களிலும் இதே தொல்லை. தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை, ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1730 முதல் 1735 வரை, இரண்டு பிட்கள். கிளைவ் விஷயம் இன்னும் மோசம்: ராபர்ட் கிளைவ் மெட்ராஸ் மாகாண கவர்னராக இருந்ததே இல்லை, 1756இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத்தான் கவர்னராக வந்தார், அதாவது மெட்ராஸுக்கு அடங்கிய பதவி. 1798இல் மெட்ராஸ் கவர்னராக வந்த எட்வர்ட் கிளைவ் அவருடைய மகன். ஆனால் 1746இல் மெட்ராஸ் கையைவிட்டுப் போனதில் இருந்து 1752 வரை அதே கடலூர் கோட்டைதான் தலைமையிடம், ஆகவே அந்த ஆறு ஆண்டில் அங்கே இருந்தவர்கள் உங்கள் பட்டியலில் வர வேண்டும்.

சம்பளத்தை ஏன் குறிக்கச் சொன்னேன்

தாமஸ் பிட் காலத்தில் கவர்னருக்கு ஆண்டுக்குச் சம்பளம் 200 பவுண்டு, அன்பளிப்பு 100. அதே பிட் 1702இல் ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் ஒரு வைரம் வாங்குகிறார், 410 காரட், விலை 48,000 வராகன் (அன்றைய தங்க நாணயம்), பவுண்டுக் கணக்கில் 20,400. அறுபது எழுபது ஆண்டுச் சம்பளத்தை ஒரு கல்லுக்குக் கொடுத்தவர் எங்கிருந்து கொடுத்தார்? சொந்த வியாபாரம். கம்பெனி அதைத் தடுக்கவில்லை, சம்பளத்தைக் குறைத்து வைத்ததே அதை நம்பித்தான். 1717இல் அந்தக் கல் பிரான்சுக்கு 1,35,000 பவுண்டுக்குப் போனது. எலிஹு யேலையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே படியுங்கள்: 1687இல் கவர்னர், தன் வியாபாரத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகார்களோடு 1692இல் இறக்கப்பட்டார், கிளம்பி லண்டன் போக 1699 ஆயிற்று. அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய பொருட்கள் 562 பவுண்டுக்கு விற்றன, அதற்கே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வந்துவிட்டது.

ஒரே ஒரு சம்பவத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால்

பிகாட்டை எடுங்கள். ஜார்ஜ் பிகாட் 1755 முதல் 1763 வரை ஒருமுறை கவர்னர், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகை போட்டபோது தாக்குப்பிடித்தவர். 1775இல் மறுபடி வருகிறார். தஞ்சாவூரை ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் இருந்து வாங்கி மராட்டிய ராஜாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு, அதைச் செய்தார். இதில் பிரச்சினை என்னவென்றால் நவாப் ஊர் முழுக்கக் கடன் வாங்கியிருந்தார், கடன் கொடுத்தவர்களில் கம்பெனி ஊழியர்களே ஏராளம், தஞ்சாவூர் வருமானத்தைக் காட்டித்தான் அந்தக் கடன். பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர் தஞ்சாவூர் விளைச்சல் தனக்குச் சேர வேண்டும் என்று பெரிய தொகைக்கு மனுப் போடுகிறார். கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம். நான் கவர்னர், நான் முன்வைக்காமல் எதையும் ஓட்டுக்கு விட முடியாது என்று பிகாட் பிடிவாதம் பிடித்தார். பெரும்பான்மைதான் கவுன்சில் என்று அவர்கள் பிடித்தார்கள்.

1776 ஆகஸ்ட் 24 அன்று பிகாட்டோடு உட்கார்ந்து சாப்பிட்ட கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், சாயங்காலம் அவர் வண்டியிலேயே ஏறிப் போனார். தீவுத்திடல் பக்கம் வண்டியை மறித்துக் கவர்னரைக் கைது செய்தார்கள், ஏற்பாடு எல்லாம் ஸ்டூவர்ட்டுடையது. பரங்கிமலையில் காவல். விடுவிக்கச் சொல்லி லண்டன் உத்தரவு வந்து சேரும் முன்பே, 1777 மே மாதம், காவலிலேயே பிகாட் இறந்துபோனார். ஸ்டிராட்டன் உட்பட நான்கு கவுன்சில் உறுப்பினர்களுக்கு 1780இல் லண்டனில் தண்டனை கிடைத்தது: தலைக்கு 1,000 பவுண்டு அபராதம், அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஸ்டூவர்ட்டைப் பின்தொடருங்கள். 1783இல் அவர் படைத்தலைவர், கவர்னர் மக்கார்ட்னி. சொன்னதைக் கேட்கவில்லை என்று இந்தமுறை கவர்னர் படைத்தலைவரைக் கைது செய்து கப்பலேற்றி அனுப்பினார். 1786இல் இங்கிலாந்தில் இருவரும் துப்பாக்கிச் சண்டை போட்டார்கள், போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் மரத்தில் சாய்ந்து நின்று சுட்டார், மக்கார்ட்னிக்குக் காயம். ஒரே ஆள், ஏழு ஆண்டு இடைவெளி, கவர்னரின் பலம் தலைகீழாக மாறியிருக்கிறது. பழைய கவர்னர்கள் கம்பெனிக்குள்ளேயே வளர்ந்த வியாபாரிகள், மக்கார்ட்னியோ வெளியே இருந்து வந்த அரசியல்வாதி, பிரபு. இந்த மாற்றத்தை எழுதாமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1784 சட்டத்துக்குப் போனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று படிப்பவருக்குப் புரியாது.

சட்டங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம்

1773இல் கல்கத்தாவின் கவர்னர் ஜெனரலுக்கு மேற்பார்வை, 1784இல் அது இறுகியது, 1833இல் மெட்ராஸின் சட்டம் இயற்றும் அதிகாரமே போனது, 1861இல் திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போதும், கூடவே ஒரு ஆளை நிறுத்துங்கள். வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு 1807இல் திருப்பி அழைக்கப்பட்ட பெண்டிங்க் ஒருவர். சார்லஸ் டிரெவெல்யன் இன்னும் நல்ல உதாரணம்: 1860இல் கல்கத்தா கொண்டுவந்த வருமான வரியை எதிர்த்து எழுதிய குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார், பதவி போயிற்று. அப்புறம் அவரே இந்திய அரசின் நிதிப் பொறுப்புக்கு வந்தார் என்பது வேறு விஷயம்.

தாமஸ் மன்றோவைப் பற்றி எழுதும்போது ரயத்துவாரியை, அதாவது விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் முறையைப் பாருங்கள், சிலைக் கதையை விட்டுவிடுங்கள். தீவுத்திடல் சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லை, மறந்துபோன சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று ஊரே சொல்லும். சிற்பி சாண்ட்ரி லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் அப்படித்தான் அங்கவடி இல்லாமல் செய்து வைத்திருக்கிறார், மறதி எல்லாம் இல்லை.

1920க்குப் பிறகு "முடியாது" சொல்லும் ஆட்கள் முதல்முறையாக ஓட்டு வாங்கி வருகிறார்கள். இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி அமைச்சர்களுக்கு; போலீஸ், நிதி, நிலவரி கவர்னர் பக்கம். 1937இல் காங்கிரஸ் ஜெயித்தும், கவர்னர் தன் விசேஷ அதிகாரங்களைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி சொல்லாமல் பதவி ஏற்க மாட்டோம் என்று நின்றது. அந்த இடைவெளியில் சில மாதம் கே. வி. ரெட்டி நாயுடு அமைச்சரவை, ஜூலையில் ராஜாஜி. 1939 அக்டோபரில் ராஜாஜி விலக, 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆவது பிரிவின்கீழ் 1946 வரை கவர்னர் ஆட்சி.

முதல் இந்திய கவர்னர் யார் என்று எழுதும்போதும் அளவுகோல் வேண்டும். முழுப் பொறுப்பில் 1948இல் வந்த பாவ்நகர் மகாராஜா. தற்காலிகமாக என்றால் 1934இல் சில மாதம் முகமது உஸ்மான், 1936இல் அதே ரெட்டி நாயுடு. தற்காலிகக் கவர்னர்களைத் தனி நிறத்தில் குறித்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

குடியரசுக்குப் பிறகும் அதே கேள்விதான். 1952இல் காங்கிரஸுக்கு 375இல் 152 இடம்தான், கவர்னர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். 1976இல் திமுக ஆட்சி கலைந்ததற்கு முன் கவர்னர் கே. கே. ஷாவின் அறிக்கை இருந்தது. 1991இல் கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் டெல்லி மறுபடி திமுக ஆட்சியைக் கலைத்தது, பீகாருக்கு மாற்றப்பட்ட அவர் விலகினார். இந்தக் காலத்துக்குச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் நேரடியாகப் படிக்க முடியும், தொலைக்காட்சி விவாதத்தை ஆதாரமாக எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மசோதா நிறுத்திவைப்பு பற்றி எழுதுபவர்கள் 2025 ஏப்ரல் தீர்ப்போடு அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்தையும் சேர்த்தே படியுங்கள், முதலாவதை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

வீடுகளை நேரில் பாருங்கள்

கோட்டைக்குள் இருந்த வீட்டோடு, 1753இல் அந்தோனியா டி மடீரோஸ் என்ற பெண்ணிடம் இருந்து 3,500 வராகனுக்குச் சேப்பாக்கம் பக்கத்தில் தோட்ட வீடு வாங்கினார்கள். எட்வர்ட் கிளைவ் அதைப் பெரிதாக்கிப் பக்கத்தில் விருந்து மண்டபமும் கட்டினார், அதுதான் இன்றைய ராஜாஜி மண்டபம். வீட்டை 2008இல் இடித்துவிட்டார்கள், எனக்கு அதில் இன்னும் ஆதங்கம் உண்டு. அந்த வளாகத்தில் புதிய சட்டமன்றம் எழும்பி இப்போது ஓமந்தூரார் மருத்துவமனையாக நிற்கிறது. கிண்டி, மன்றோ காலத்தில் அரசு வாங்கிய ஓய்வு மாளிகை, ஊட்டி, கோடைக்கு. எந்த ஆண்டில் எந்த வீடு என்று குறித்தால், ஊருக்கும் கவர்னருக்கும் நடுவே தூரம் எப்படி வளர்ந்தது என்பது தானாகவே தெரியும்.

கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் மன்றோவின் கல்லறை இருக்கிறது, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கோட்டை அருங்காட்சியகம், கவர்னர்களின் ஓவியங்கள் அங்கே. தலைமைச் செயலகம் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.